பொருள்: பத்து நிமிடத்தில் வரும் என்ற காலை உணவு, நான்காவது புகார்

வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. இந்த முறையாவது யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து படியுங்கள், தயவுசெய்து.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருமுனையில் இருக்கும் உங்கள் கிளைக்குச் சாப்பிடப் போனேன். இரண்டு வருடமாக ஞாயிறு காலை எங்களுக்கு அங்கேதான், ஜன்னலோர மேஜை. அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை வியாதி, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. அவர் போடுவது வேகமாக வேலை செய்கிற வகை. போட்டால் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரமாட்டார். ஆர்டர் கொடுத்து, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் போடுவார். அன்றைக்கும் கேட்டோம். கவுன்ட்டரில் இருந்தவர் "பத்து நிமிஷம் சார்" என்றார், உங்கள் ஆப்பும் பத்து நிமிடம் என்றே காட்டியது. அதை நம்பித்தான் போட்டார்.

தட்டு வந்தது 52ஆவது நிமிடத்தில்.

இருபது நிமிடத்தில் போய்க் கேட்டேன், "வந்துட்டே இருக்கு." முப்பதில் கேட்டேன், அதே பதில். அதற்குள் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஏசி ஓடுகிற இடத்தில் நெற்றியெல்லாம் வியர்வை. ரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டரில் பார்த்தால் 61. எழுபதுக்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இது சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அவர் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கும், அன்றைக்கு வேறு சட்டை. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மேஜையில் இருந்த குப்பியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார், நடுங்குகிற விரலுக்கு அது கிழியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டார். இப்படி மூன்று. அதற்கப்புறம்தான் நான் உறையைத் திருப்பிப் படித்தேன்: சர்க்கரை இல்லாத இனிப்பு. நாக்கு இனிக்குமே தவிர ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. உங்கள் மேஜைகளில் இரண்டு வகையும் ஒரே நிறத்தில், ஒரே குப்பியில் கலந்து கிடப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பரிமாறுகிற பெண் ஒருத்தி பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு டம்ளர் பழச்சாறு கொண்டுவந்தாள், பில்லில்கூடப் போடவில்லை. இந்தக் கடிதத்தால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது வந்தால் அடுத்த கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். கூட்டம், ஆள் பற்றாக்குறை, சரி. ஆனால் உங்கள் உதவி எண்ணில் ஒருவர் பேசினாரே! அதற்கு முன்னால் நாலு பேரிடம் முதலிலிருந்து கதை சொல்லியாகிவிட்டது, ஐந்தாவது ஆள் இவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊசி போட்டுக்கச் சொன்னது நாங்களா சார்?" என்றார். அப்புறம் சின்னதாக ஒரு சிரிப்பு. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று தொடக்கத்திலேயே சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒருவன் இப்படிச் சிரித்தால் விடுவீர்களா?

அந்தச் சாப்பாடும் சாப்பிடுகிற மாதிரியா இருந்தது? முட்டை ஆறிப்போய் ஓரம் வறண்டிருந்தது, எங்கேயோ ரொம்ப நேரம் கிடந்திருக்கிறது. சமைத்ததைப் பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிறகு "உங்கள் ஆர்டர் 12 நிமிடத்தில் பரிமாறப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது" என்று சொல்லிப் புகாரையே மூடிவிட்டீர்கள். சமையலறைத் திரையில் தட்டு வெளியே போவதற்கு முன்பே 'முடிந்தது' என்று தட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் நேரக் கணக்கில் சிவப்பு விழும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் இயந்திரம், உங்கள் பட்டன், அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? கேமரா இருக்கிறது, மூன்றாவது மேஜையைப் பாருங்கள், போதும்.

மறுபடி திறக்க வேண்டும் என்றால் அசல் பில்லோடு கிளைக்கு வரச் சொன்னீர்கள். அரை நாள் லீவு போட்டுப் போனேன். மேலாளர் இல்லை, வியாழக்கிழமை வாங்க. வியாழக்கிழமை போனேன், இருந்தார், பில்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், "எழுத்தே இல்லையே சார், இதை ஏத்துக்க முடியாது" என்றார். மையே இல்லாத, சூட்டில் எழுத்து வருகிற காகிதத்தில் பில் கொடுக்கிறவர்கள் நீங்கள். ஒரு மாதம் பர்ஸில் கிடந்தால் அது வெளுக்காமல் என்ன செய்யும்? நான் ஆப்பில் கட்டிய பணத்துக்கு என் வங்கியில் கணக்கு இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது, பிறகு எதற்கு இந்தத் துண்டுக் காகிதம்?

அன்றிலிருந்து அப்பா வெளியே சாப்பிட வருவதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது, அதை எந்தப் பணத்தைக் கொடுத்தும் நீங்கள் ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் கேட்கிறேன். பில் தொகை முழுவதும் திரும்ப வர வேண்டும். அப்பாவின் பெயருக்கு எழுத்தில் ஒரு மன்னிப்பு, அந்த அச்சடித்த வாசகம் வேண்டாம். மேஜைக் குப்பியில் சர்க்கரையையும் மற்றதையும் தனித்தனியாக வையுங்கள், அதற்கு உங்களுக்குச் செலவே கிடையாது.

ஏழு நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கோருவேன், உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் இதே கடிதம் மீட்டர் படத்தோடு போகும். மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காப்பி எனக்கு இன்னும் பிடிக்கும், அதுதான் எரிச்சலே. உங்கள் பொறுப்பில் இருக்கிற ஒருவர் ஒரே ஒரு போன் செய்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐந்தாவது ஆள் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. அன்றைய பதற்றத்தில் அப்பாவின் கண்ணாடிக் கூட்டை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டோம். பழுப்பு நிறம், மூடி கொஞ்சம் தளர்ந்திருக்கும். இரண்டு தடவை வந்தபோதும் கேட்டேன், யாரும் தேடக்கூட இல்லை. இருந்தால் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோர மேஜை வாடிக்கையாளர்
(பெயரும் ஆர்டர் எண்ணும் முந்தைய மூன்று கடிதங்களில் இருக்கின்றன)