டிக் போட்டும் ஓடாத எக்ஸ்டென்ஷன்

அன்புள்ள ரவி,

நலம். எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிஎச்பியோடு சேரும் கூடுதல் வசதிகளுக்கு) டிக் போட்டும் தளத்தில் அவை ஓடவில்லை என்ற உன் மெயில் கிடைத்தது. தளத்தை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியை 7.4-இலிருந்து 8.2-க்கு ஏற்றியது நல்ல காரியம், 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. ஆனால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி. 7.4-இல் நீ போட்டு வைத்த டிக் எல்லாம் அங்கேயேதான் இருக்கும், கூடவே வராது.

சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பேனலில்) சாஃப்ட்வேர் பகுதியில் ‘செலக்ட் பிஎச்பி வெர்ஷன்’ திற. வெர்ஷன் ‘நேட்டிவ்’ (சர்வரின் சொந்த பிஎச்பி) என்று இருந்தால் எந்தப் பெட்டியையும் தொட முடியாது. 8.2-ஐத் தேர்ந்து நடப்பு வெர்ஷனாக்கிவிட்டு எக்ஸ்டென்ஷன்ஸ் டேபுக்குப் போ. இப்போது வரும் பேனல்களில் டிக் போட்டதுமே சேமித்துக்கொள்ளும், சேவ் பொத்தானைத் தேடி அலையாதே.

இன்டல் (பன்மொழி வசதி), இமேஜிக் (பட வேலை) இரண்டுக்கும் டிக் போட்டும் தளம் ‘இல்லை’ என்கிறது என்றாயே, என் சந்தேகம், டொமைன்வாரியாக பிஎச்பி வெர்ஷனைக் குறிக்கும் சிபேனலின் மல்டிபிஎச்பி மேனேஜர் மேல்தான். ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி குடும்பங்கள் இருக்கின்றன: கிளவுட்லினக்ஸ் என்ற சர்வர் இயங்குதளத்தின் ஆல்ட்-பிஎச்பி, சிபேனலின் ஈஏ-பிஎச்பி. நீ டிக் போட்டது முதலாவதில். மல்டிபிஎச்பியில் அந்த டொமைனுக்கு ஈஏ-பிஎச்பி வெர்ஷன் ஒன்றைத் தனியாகக் கட்டி வைத்திருந்தால், கோரிக்கை இரண்டாவதற்குப் போய்விடும். டொமைனை ‘இன்ஹெரிட்’ (சர்வரின் பொது அமைப்பையே பின்பற்று) என்று மாற்று. ஈஏ-பிஎச்பிதான் வேண்டுமென்றால் ரூட் (சர்வரின் முழு அதிகாரம்) வைத்திருப்பவர் ஈசிஅப்பாச்சி 4 என்ற சிபேனல் நிறுவும் கருவி வழியாக, ஈஏ-பிஎச்பி82-பிஎச்பி-இன்டல் மாதிரியான பேக்கேஜை நிறுவித் தர வேண்டும். உன் பக்கம் வேலையில்லை.

எது ஓடுகிறது என்று ஊகிக்காதே. அந்த டொமைனின் ஃபோல்டரிலேயே பிஎச்பியின் அமைப்பு விவரங்களைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ கோப்பு ஒன்று போட்டு, ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ வரியைப் பார். பாதையில் ஆல்ட் வந்தால் ‘செலக்ட் பிஎச்பி வெர்ஷன்’ வழி, சிபேனல் வந்தால் மல்டிபிஎச்பி. பார்த்த கையோடு கோப்பை அழித்துவிடு; சர்வரின் உள்விவரம் முழுக்க அதில் இருக்கிறது.

‘மைஎஸ்க்யூஎல்ஐ_எஸ்டிஎம்டி_கெட்_ரிசல்ட் என்ற ஃபங்ஷனே கிடையாது’ என்ற பிழை வேறு வகை. அது மைஎஸ்க்யூஎல்என்டி என்ற தரவுத்தள இணைப்பு டிரைவரோடு மட்டும் வரும் ஃபங்ஷன். பட்டியலில் மைஎஸ்க்யூஎல்ஐ, என்டி_மைஎஸ்க்யூஎல்ஐ என்று இரண்டு இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. முதலில் மைஎஸ்க்யூஎல்ஐ டிக்கை எடு, பிறகு என்டி_மைஎஸ்க்யூஎல்ஐக்குப் போடு. தரவுத்தளத்தோடு பேசும் இன்னொரு வழியான பிடிஓவுக்கும் அப்படியே, என்டி_பிடிஓ_மைஎஸ்க்யூஎல். எடுத்துவிட்டுப் போட மறந்தால் வேர்ட்பிரஸ் உடனே மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷன் இல்லை என்று படுத்துவிடும்.

பழைய நிரலில் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற பழைய ஃபங்ஷன் இருந்தால் எந்த டிக்கும் காப்பாற்றாது. 7.0-இலேயே அது போய்விட்டது, நிரலைத்தான் திருத்த வேண்டும். தகவலை மறையாக்கும் எம்கிரிப்ட் 7.2-இல் மூலத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தேடாமல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மாறு. அயன்கியூப் (நிரலைப் படிக்க முடியாமல் மறைக்கும் கருவி) கொண்டு பூட்டிய பிளகின் இருந்தால் 8.0 பக்கம் போகாதே, அந்த வெர்ஷனுக்கு அதைத் திறந்து ஓட்டும் லோடரே வெளிவரவில்லை. 8.1-க்கும் அதற்கு மேலும் உண்டு.

இரவு ஓடும் கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் பணி) மட்டும் தோற்றால், அது வேறு பிஎச்பியைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள். வெறும் ‘பிஎச்பி’ என்று எழுதாமல் /ஆப்ட்/ஆல்ட்/பிஎச்பி82/யுஎஸ்ஆர்/பின்/பிஎச்பி என்று முழுப் பாதையும் கொடு. அதோடு ‘-எம்’ சேர்த்து ஒருமுறை ஓட்டினால் ஏறியிருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக வரும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் டிக் போடும் உன் பழக்கம் இன்னும் இருக்கிறதா? நேரலைத் தளத்தில், நிரலில் பிழை தேட உதவும் எக்ஸ்டீபக்கை மட்டுமாவது எடுத்துவிடு, பக்கத்துக்குப் பக்கம் இழுக்கும். ஆப்ஷன்ஸ் டேபில் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் (ஒரு கோரிக்கையின் மொத்த அளவு வரம்பு), அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸைவிடக் (ஏற்றும் ஒரு கோப்பின் அளவு வரம்பைவிட) கூடுதலாக இருக்கட்டும். 64 எம்பி கோப்புக்கு 72 வை.

இன்ஹெரிட் ஆக்கிய பிறகும் இமேஜிக் வரவில்லையென்றால் அந்த ‘லோடட்’ வரியை மட்டும் எனக்கு அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்