வாடகை வீடு பார்க்க ஒரு மணி நேரமாவது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரிகைகளில் ஆலோசனை நிறையக் கிடைக்கிறது. எந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், கடனை எப்படி அடைக்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வேலைக்கோ படிப்புக்கோ பெருநகரத்துக்கு வந்து இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு ஃபிளாட். அவர்களுக்கு இப்படி யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு பார்ப்பது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தரகர் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்பார், கையில் போன், "சாயந்திரம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க வர்றாங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்பார். நாமும் புதுப் பெயின்டையும் தரையின் பளபளப்பையும் சமையலறை அலமாரியையும் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் தலையாட்டிவிடுகிறோம். பிறகு குடியிருக்கும்போது நம்மைப் படுத்தி எடுப்பது தண்ணீர், சுவர் ஈரம், வயரிங், சத்தம், ஒப்பந்தத்தில் எழுதிய இரண்டு வரி. இதில் எதுவும் அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். குழாயைத் திறந்து பார்த்தால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமே வேண்டாம், மாதாமாதம் பணம் கொடுக்கப்போவது நீங்கள். ஒரு மணி நேரம் தர மனமில்லாத வீட்டுக்காரர் நாளைக்குக் குழாய் உடைந்தால் எப்படி நடந்துகொள்வார் என்று அப்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

முதலில் தண்ணீர். ஒரு குழாயை மட்டும் திறந்து பார்ப்பதில் பயனில்லை. சமையலறைக் குழாய், குளியலறை ஷவர், வாஷ்பேசின் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்து, கூடவே ஃபிளஷையும் அழுத்திப் பாருங்கள். காலையில் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்பும்போது நடப்பது அதுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வரும் கட்டிடமாக இருந்தால், பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். அதனால் தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மேல்தளத்தில் ஷவர் பலவீனமாகத்தான் வரும், தனியாகப் பம்ப் வைத்திருந்தால் ஒழிய. முதலில் பழுப்பாக வந்து ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிட்டால் பூட்டிக் கிடந்த வீடு, குழாயில் தேங்கிய தண்ணீர் என்று விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் ஓடியும் தெளியவில்லை என்றால் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். குழாய் முனையிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, ஹீட்டரும் சீக்கிரம் கெடும். நாள் முழுக்கத் தண்ணீர் வருமா, தட்டுப்பாட்டு மாதங்களில் என்ன செய்கிறார்கள், கரண்ட் போனால் பம்ப் ஓடுமா, இதையெல்லாம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஃபிளஷ் தொட்டியில் உணவில் சேர்க்கும் கலர்ப்பொடி ஒரு சிட்டிகை போட்டுக் கால் மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கழிப்பறைக் கோப்பையில் அந்தக் கலர் இறங்கியிருந்தால் தண்ணீர் இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்கிறது, மீட்டர் இருக்கிற வீடென்றால் அந்தக் காசு உங்கள் தலையில். அப்புறம் குளியலறைத் தரையிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. வடிகால் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர், வீடு பூட்டியே கிடந்தால் வற்றிவிடும், நாற்றம் அந்த வழியாக ஏறி வரும். ஒரு வாளி ஊற்றிவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். அப்போதும் நாறினால் அது வேறு பிரச்சினை.

ஈரச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு மூலையில் மட்டும் புதுசு என்றால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது. குளியலறைக்கு அடுத்த படுக்கையறைச் சுவர், ஜன்னல் ஓரங்கள், சிங்க்குக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே வருகிற கூரை, இவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, உப்புப் பூத்தது போல வெள்ளைத்தூள் இருக்கிறதா, பூட்டிய அலமாரியைத் திறந்தால் பூசண வாசம் அடிக்கிறதா என்று கவனியுங்கள். காற்றுப்போக்கு இல்லாமல் உள்ளே படிகிற ஈரம் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து ஓரளவு சமாளிக்கலாம். தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம் கீழ்தளத்து வீடுகளில் வரும், அதைச் சரிசெய்யச் செலவு அதிகம். மூன்றாவது வகை மேல்வீட்டுக் கசிவு, எனக்குத் தெரிந்து மிகவும் இழுத்தடிப்பது இதுதான். உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மேல்வீட்டுக்காரர் தன் குளியலறைத் தரையை உடைக்கச் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். என் தங்கை குடியிருந்த வீட்டில் மேல்வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார், கூரை சொட்டிக்கொண்டே இருந்தது, கீழே குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? பூஞ்சை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். மீட்டர் பக்கத்தில் இருக்கிற பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபியூஸும் சாதாரண பிரேக்கரும் மட்டும் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கிற ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். உயிரைக் காப்பாற்ற வைக்கிற ஆர்சிசிபி வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் அணைந்துவிடும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அழுத்துங்கள், உடனே கரண்ட் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பிளக் பாயின்ட்டில் கருகிய தடம் இருக்கிறதா பாருங்கள், போன் சார்ஜரைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். ஏசி, ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடினால் வயரிங் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

குளியலறைக்குள்ளேயே எரிவாயுவில் எரிகிற வாட்டர் ஹீட்டர் இருந்து, அதன் புகை வெளியேறக் குழாயும் இல்லாமல் காற்று வரவும் வழியில்லாமல் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம், அல்லது அதை மாற்றித் தந்தால்தான் வருவேன் என்று சொல்லுங்கள். எரிவாயு சரியாக எரியாதபோது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று தோன்றுவதற்குள் கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விடும். இதில் மட்டும் விட்டுக்கொடுத்துப் பேச எதுவுமே இல்லை.

மேலே லிஃப்டில் போனாலும் கீழே படியில் இறங்கி வாருங்கள். படிக்கட்டில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் அடைத்திருக்கிறதா, கீழ்வாசல் கதவை இரவில் பூட்டிவிடுகிறார்களா, ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கிறதா? தீயணைப்பு வண்டியின் ஏணிக்கு ஒரு உயரம் வரைதான் எட்டும், அதற்கு மேலே இருக்கிறவர்களுக்குப் படிக்கட்டுதான் வழி. வயதானவர்கள் கூட இருந்தால் லிஃப்ட் பழுதான நாளில் என்ன செய்வது என்பதும் அந்தப் படி இறங்கும்போதே புரிந்துவிடும்.

ஒரே வீட்டை இரண்டு வேளை பாருங்கள், பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை. மேற்குப் பார்த்த சுவர் மாலையில் எப்படிச் சுடுகிறது, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையில் பொழுது சாய்ந்த பிறகும் கூரையிலிருந்து சூடு இறங்குகிறதா, லிஃப்ட் மோட்டாரோ பம்போ ஜெனரேட்டரோ படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறதா, இதெல்லாம் காலை பதினொரு மணிக்குத் தெரியாது. சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்கப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்காவது போன் போட்டுப் பேசுங்கள். வண்டி நிறுத்த இடம் உண்டு என்றால் எந்த இடம் என்று காட்டச் சொல்லுங்கள்.

காலி செய்துவிட்டுப் போகிறவர் இன்னும் அங்கே இருந்தால் அவரைவிட நல்ல சாட்சி இல்லை. "வீடு நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். ஏன் காலி செய்கிறீர்கள், கடைசியாக எது ரிப்பேர் ஆனது, சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். அவர் போய்விட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் காவலாளியிடமும் கேளுங்கள், முக்கியமாக முன்பு இருந்தவருக்கு அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்பி வந்ததா என்று.

இனி பணம். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள், வீட்டைப் பிடித்து வைக்கச் சின்னத் தொகை என்றாலும் கூட. வாடகை அக்கம்பக்கத்தைவிட ரொம்பக் குறைவு, படங்கள் ஓட்டல் அறை மாதிரி அழகு, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும், இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது ஏமாற்று வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்தால் வேறு ஊர் வீட்டின் படம் என்று தெரியவரலாம். இன்னொரு வகை இன்னும் மோசம். சில நாட்களுக்கு மட்டும் ஒரு வீட்டை எடுத்தவரோ, அங்கே வாடகைக்கு இருப்பவரோ தன்னை உரிமையாளர் என்று சொல்லி, நிஜமான சாவியால் நிஜமான வீட்டைத் திறந்து காட்டிப் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். சாவி கையில் இருப்பதால் வீடு அவருடையது ஆகிவிடாது. அடையாள அட்டை, சொத்துக்கான ஆவணம் அல்லது வரி ரசீது, நீங்கள் பணம் போடப்போகிற வங்கிக் கணக்கு, மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். உறவினர் சார்பில் கொடுக்கிறேன் என்றால் அதற்கான அதிகாரப் பத்திரத்தைக் காட்டட்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கில் போடுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சண்டை வருகிற வரிகள் எங்கும் அதேதான். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வீட்டுக்காரருக்கும் அதே நாள்தானா அல்லது அவருக்கு மட்டும் குறைவா, குறைந்தது இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறதா, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், பராமரிப்புக் கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும், அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், மீதியைக் காலி செய்த எத்தனை நாளில் தருவார்கள். ரிப்பேர் பற்றி "வாடகைதாரர் பொறுப்பு" என்று மொட்டையாக எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பல்பு மாற்றுவது நம் வேலைதான், சுவருக்குள் ஓடுகிற குழாய் உடைந்தால் அது நம் பொறுப்பாக இருக்க முடியாது. நிரப்பாத கட்டம் ஒன்றுகூட இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். "குடிவந்த பிறகு கொசுவலை அடித்துத் தருகிறேன்" என்கிற மாதிரி வாய்வார்த்தைகளை ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள், முடியாவிட்டால் "நீங்கள் சொன்னபடி" என்று ஒரு மெசேஜாவது அனுப்பி அவர் சரி என்று பதில் போடும்படி செய்யுங்கள். பழைய மின்கட்டண, தண்ணீர் பாக்கி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கிய அன்று, ஒரு பெட்டியைக்கூட உள்ளே வைப்பதற்கு முன்னால், வீடு முழுக்க நிதானமாக வீடியோ எடுங்கள். விரிசல் விட்ட டைல், ஆடுகிற கதவுப் பிடி, சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டை, மின்சார மீட்டரின் அளவு எல்லாம் அதில் வரட்டும். அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள், நம் போனில் மட்டும் இருந்தால் தேதியைப் பற்றி வாக்குவாதம் வரும். வெயிலில் பெயின்ட் மங்குவது வாழ்ந்ததால் வருகிற தேய்மானம், அதற்குப் பணம் பிடிப்பது நியாயமில்லை. நாம் உடைத்த கண்ணாடிக்குப் பிடித்தால் அது நியாயம். எது முன்பே இருந்தது, எது நாம் செய்தது என்பது இரண்டு வருடம் கழித்து இரு பக்கத்துக்கும் ஞாபகம் இருக்காது, அப்போது அந்த வீடியோ பேசும்.

ஆசிரியர் அவர்களே, எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வீட்டுமனைப் பக்கத்தில் வாரத்துக்குக் கால் பக்கமாவது வாடகைதாரர்களுக்கு ஒதுக்குங்கள். ஒரு வாரம் ஒப்பந்தத்தின் ஒரு வரியை ஒரு வழக்கறிஞர் விளக்கட்டும், இன்னொரு வாரம் ஒரு பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லட்டும். வாடகை விளம்பரம் வெளியிடும்போது, கொடுப்பவர் உரிமையாளரா, தரகரா என்பதையாவது கேட்டு ஒரு வார்த்தை அச்சிடுங்கள். புது ஊரில் யாரையும் தெரியாமல் வீடு தேடி அலைகிற பிள்ளைகள் முதலில் பார்ப்பது அந்த விளம்பரத்தைத்தான்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு வாசகர்