அரையாண்டு நிறைவும் தேர்ச்சி விழுக்காடு குறித்த விளக்கமும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கான நம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்து விடுமுறை தொடங்குகிறது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் நம் பிள்ளைகள் ஓவியத்திலும் விளையாட்டிலும் பரிசுகள் பெற்றார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, இக்கடிதத்தை எழுத வேண்டி வந்த காரணத்துக்கு வருகிறேன். சென்ற பொதுத்தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பல வாரங்களாகச் சுற்றி வருகிறது. அதில் நம் பள்ளி கடைசிப் பக்கத்தில் இருப்பதைக் கண்டு வருந்திய சிலர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருநூறு பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி விழுக்காடு அரைப் புள்ளி குறையும். நம்மைப் போல எட்டுப் பேர் எழுதும் வகுப்பில் ஒருவர் தவறினால் 12.5 புள்ளி குறைந்துவிடும். மேலும், செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு உண்டு என்பதால், விலக்குப் பெற்ற பிள்ளையின் பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண் 400-க்குத்தான் வரும். அதை 500-க்கு எழுதிய பிள்ளையின் மொத்தத்தோடு ஒரே வரிசையில் வைத்தால், அதே அளவு நன்றாக எழுதினாலும் நம் பிள்ளை கீழேதான் நிற்பாள்.

இதைவிட முக்கியமானது வினாத்தாளின் மொழி. ‘ஒரு வணிகர் 800 ரூபாய்க்கு வாங்கிய மின்விசிறியை 200 ரூபாய் செலவில் பழுதுபார்த்து 1,250 ரூபாய்க்கு விற்றாரெனில் அவருடைய இலாப விழுக்காடு என்ன?’ என்ற வினாவை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அரையாண்டுத் தேர்வில் எழுதாமல் விட்டிருந்தாள். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியை அன்று மாலையே அவளை அழைத்து அதே கணக்கைச் சைகையில் சொன்னார். வாங்கியது, பழுதுபார்த்தது, விற்றது என ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் அவள் கரும்பலகையில் 25 என்று எழுதிவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும். ‘வாங்கிய’, ‘செலவில்’, ‘விற்றாரெனில்’ என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும் நீண்ட தமிழ் வாக்கியந்தான் அவளைத் தடுத்தது. சைகை மொழியில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது கை நகரும் திசையிலேயே தெரிந்துவிடும். தமிழில் அதை வேற்றுமை உருபு சொல்ல வேண்டும். கேட்கும் பிள்ளைகள் தாய்மடியிலேயே காதால் பழகிக்கொள்ளும் அந்த உருபுகளை நம் பிள்ளைகள் எழுத்தில் மட்டுமே பார்த்து, இரண்டாம் மொழியைப் படிப்பதுபோல் படித்துத் தேறுகிறார்கள். தமிழ்த் தாளில் எதுகை மோனையைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடும் பிள்ளைகளிடம், செய்யுளின் சந்த நயத்தைப் பாராட்டி எழுதச் சொல்லும் வினாவும் வருகிறது. அதற்கான மதிப்பெண்ணை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் இவர்களுக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று தன் 17-ஆம் பிரிவில் கூறுகிறது. கூடுதலாகத் தரப்படும் ஒரு மணி நேரமும் மொழிப்பாட விலக்கும் பெரிய உதவிகளே. ஆனால், புரியாத வாக்கியம் கூடுதல் நேரம் கிடைத்தால் மட்டும் புரிந்துவிடாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் இந்திய சைகை மொழியையே இடைநிலைக் கல்வியில் ஒரு மொழிப்பாடமாக வைத்திருக்கிறது. வினாக்களை எளிய வாக்கியங்களில் கேட்பது, சைகையில் பதிவு செய்த காணொளியை வினாத்தாளோடு தருவது ஆகியவற்றைக் கோரி முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பள்ளியின் சார்பில் விண்ணப்பம் அனுப்பவிருக்கிறோம். பெற்றோர்களும் அதில் கையொப்பமிட்டால் அதற்கு வலு கூடும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாராகும் இவ்வேளையில், படிப்பில் பின்தங்கிய ஓரிருவரை விட்டுவிட்டால் நூறு விழுக்காடு காட்டலாமே என்றும், அவர்களைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லலாமே என்றும் சென்ற பெற்றோர் கூட்டத்தில் யோசனை சொல்லப்பட்டது. அது இப்பள்ளியில் நடக்காது. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பட்டியலில் இருக்கும். ஒன்பது வயதுவரை வீட்டில் எந்த மொழியும் கிடைக்காமல், தன் பெயருக்குக்கூட ஒரு சைகை இல்லாமல் இங்கே வந்து சேர்ந்து, இன்று நாளிதழ்த் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் அந்தப் பெயர்களில் ஒருவர். அவர் கடந்து வந்த தூரத்தை எந்த விழுக்காடும் காட்டுவதில்லை. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற அவரை வெளியே நிறுத்த நான் உடன்பட மாட்டேன். அதேபோல, வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தத் தரவரிசைப் பட்டியலைப் பிள்ளைகளிடம் காட்டிப் பேசுவதையும், மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதையும் இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் காதுக்கு எட்டாது என்று நாம் பேசுவதையெல்லாம் அவர்கள் நம் முகத்திலிருந்தே படித்துவிடுகிறார்கள்.

உங்கள் பிள்ளையை வீட்டருகே உள்ள பொதுப்பள்ளியில் சேர்ப்பது உங்கள் உரிமை. நான் அதற்குத் தடையாக இருக்க மாட்டேன், சான்றிதழும் தாமதமின்றிக் கிடைக்கும். முடிவெடுக்கும் முன், அங்கே சைகை தெரிந்த சிறப்பாசிரியர் இருக்கிறாரா, அவர் தினமும் வருகிறாரா, இடைவேளையில் உங்கள் பிள்ளையோடு பேச ஒருவராவது இருப்பாரா என்று நேரில் சென்று விசாரியுங்கள். அதற்கு விடுமுறை நாட்கள் போதும்.

வேலைக் கூலியை விட்டுவிட்டுச் சனிக்கிழமை சைகை வகுப்புக்கு வரும் தாய்மார்களுக்கும், அதிகாலைப் பேருந்தில் பிள்ளையை அழைத்து வரும் தாத்தா பாட்டிகளுக்கும், பட்டியலைப் பார்த்த பின்னும் நேரில் வந்து மனம்விட்டுப் பேசிய பெற்றோர்களுக்கும் என் நன்றி. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இப்பள்ளியில் எதுவும் நடப்பதில்லை. பள்ளி மீண்டும் திறந்ததும் வரும் முதல் சனிக்கிழமை காலை விண்ணப்பத்தில் கையொப்பம் பெறப்படும். வர இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால், பிள்ளையின் வழியாகப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்