சாப்ளின் கல்லறைக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள கதிருக்கு,

சுவிட்சர்லாந்து போய்ச் சார்லி சாப்ளின் கல்லறையைப் பார்த்துவிட்டு வரப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம் தம்பி. ஆனால் காலையில் ஜெர்மனியில் நீ இருக்கும் ஃப்ரைபுர்க்கில் ரயிலேறி ராத்திரியே அறைக்குத் திரும்பிவிடலாம் என்ற உன் கணக்கு சரிவராது. பாஸல், லோசான் வழியாக வண்டி மாறி மாறி, கல்லறைக்குப் பக்கத்து ஊரான வெவே போய்ச் சேரவே நாலு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிவிடும். ஒரு ராத்திரி அங்கேயே தங்கு. விடுதியில் தங்குகிறவர்களிடம் சுற்றுலா வரி வாங்கிக்கொண்டு, மோந்த்ரோ ரிவியேரா அட்டை என்று ஒன்று தருவார்கள். அது இருந்தால் அந்த வட்டாரத்து பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், சில அருங்காட்சியகங்களில் கட்டணமும் குறையும். அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்கு.

ரயில் டிக்கெட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சுவிஸ் ரயில்வேயின் சலுகை டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் மலிவுதான், ஆனால் எந்த ரயிலுக்கு எடுத்தாயோ அதற்கு மட்டுமே செல்லும். ஜெர்மனியிலிருந்து வரும் வண்டி அரை மணி தாமதமாகி, பாஸலில் அந்த ரயில் போய்விட்டதென்றால், தனித்தனியாக எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏற விடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. ஒன்று, பாஸலில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு எடு. இல்லையென்றால் சாதாரண டிக்கெட்டே எடுத்துவிடு, அது அன்றைக்கு எந்த ரயிலுக்கும் செல்லும். லோசானில் மாறிய பிறகு வலது பக்கம் உட்கார். ஏரி அந்தப் பக்கம்தான் வரும்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டும் உன் ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும். உன் ஜெர்மன் சிம்மில் இலவச ரோமிங் அங்கே செல்லுபடியாகுமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள். செல்லாத திட்டமாக இருந்தால் எல்லை தாண்டியதும் டேட்டா விலை எகிறும். வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வை. பணத்துக்கு வங்கி அட்டையே போதும். யூரோ நோட்டை நீட்டினால் சில கடைகளில் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான், மீதியும் சுவிஸ் பிராங்கில் வரும்.

ஊர்ப் பெயரைக் கவனமாகப் பார். கல்லறை இருப்பது கோர்சியே-சூர்-வெவே. பக்கத்திலேயே கோர்சோ என்று இன்னொரு கிராமம் இருக்கிறது, அங்கேயும் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. போனில் பாதிப் பெயரைத் தட்டிவிட்டு அங்கே போய் நின்றால், கிரஹாம் கிரீன் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கல்லறைதான் கிடைக்கும். அவரும் சாப்ளினின் சிநேகிதர்தான், ஆனாலும் நீ போவது அவரைப் பார்க்க இல்லையே. வெவே ரயில் நிலையத்திலிருந்து 212-ஆம் எண் பஸ் கோர்சியே வழியாக மேலே ஏறுகிறது. ரிவியேரா அட்டை இல்லாத நாளாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடு. ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. நடந்தே போவதானாலும் அரை மணிக்குள் போய்விடலாம், ஆனால் ஏற்றம்.

உள்ளே போனதும் பெரிய மண்டபத்தையோ சிலையையோ தேடாதே. தொப்பி, பிரம்பு, மீசை எதுவும் அங்கே இல்லை. நிமிர்ந்து நிற்கும் எளிமையான இரண்டு கற்கள். ஒன்றில் சார்லஸ் சாப்ளின், இன்னொன்றில் 1991-ல் இறந்த அவர் மனைவி ஊனா. 'சார்லி' என்ற பெயரைத் தேடுகிறவர்கள் கல்லுக்கு முன்னாலேயே இரண்டு முறை நடந்து போய்விடுவார்கள். சிலருக்கு அதைப் பார்த்து ஏமாற்றம், இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவுதானா என்று. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. 1952-ல் லண்டனுக்குக் கப்பலேறியவருக்கு, நடுக்கடலில் இருக்கும்போதே அமெரிக்கா மறுபடி நுழையும் அனுமதியை ரத்து செய்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் இந்தக் கிராமத்துக்கு மேலே மனுவார் து பான் என்ற மாளிகைக்குக் குடும்பத்தோடு வந்தார். 1977 டிசம்பர் 25-ல் அங்கேயே இறந்தார், வயது 88. கால் நூற்றாண்டு அந்த ஊர்க்காரராக வாழ்ந்தவரை ஊராரோடு ஊராராகப் புதைத்திருக்கிறார்கள்.

அந்த மண்ணைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போ. புதைத்து மூன்று மாதம்கூட ஆகாமல், 1978 மார்ச் 1-ஆம் தேதி ராத்திரி, சவப்பெட்டியையே தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு போன் செய்து ஆறு லட்சம் டாலர் கேட்டார்கள். ஊனா அம்மையார் பைசா தர முடியாது என்று சொல்லிவிட்டார், இந்தக் கூத்தைத் தன் கணவரே அபத்தம் என்றுதான் நினைத்திருப்பார் என்று. போலீஸ் வீட்டு போனையும் சுற்றுவட்டாரத்தில் சுமார் இருநூறு பொதுத் தொலைபேசிக் கூண்டுகளையும் கண்காணித்து, மே மாதம் இரண்டு பேரைப் பிடித்தது. ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் பல்கேரியர், இரண்டு பேரும் மெக்கானிக்குகள். பெட்டி, ஏரியின் கிழக்குக் கோடியில் நோவில் என்ற ஊரின் சோள வயலில் புதைந்து கிடந்தது. திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்து, இந்த முறை மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

பூ வாங்குவதானால் முன்னாலேயே வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. செவ்வாயும் சனியும் காலையில் வெவேயின் பெரிய சதுக்கத்தில் சந்தை கூடும், அங்கே கிடைக்கும். பிளாஸ்டிக் உறையையும் ரிப்பனையும் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் வை. உறையோடு வைத்தால் தோட்டக்காரர்தான் அதைப் பிரித்தெடுத்துக் குப்பையில் போட வேண்டியிருக்கும். பக்கத்துக் கல்லறையின் ஜாடியை எடுத்து அதில் வைக்காதே, அது வேறொரு வீட்டுக்காரர்களுடையது. ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதும் இல்லை. சிலர் பிரம்பும் பொம்மைத் தொப்பியும் விட்டுவிட்டு வருகிறார்கள். அன்புதான், ஆனால் மழையில் ஊறிய இரண்டாம் நாளே அது வெறும் குப்பை.

கல் பக்கத்தில் நின்று படத்தில் அவர் போடும் நாடோடி வேஷத்து நடையைப் போட்டுக் காட்டி வீடியோ எடுக்கிற வேலை மட்டும் செய்யாதே. அது ஊர்க்காரர்கள் இன்றும் தங்கள் மனிதர்களைக் கொண்டுவந்து புதைக்கும் இடம். இறுதிச் சடங்கு நடக்கிறது என்று தெரிந்தால் வெளியே போய் நின்று, முடிந்த பிறகு உள்ளே வா. யாராவது எதிரே வந்தால் 'போன்ஜூர்' சொல். வழி கேட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கேள், அங்கே அது மரியாதை. உள்ளே கூடுதலாக ஐந்து நிமிஷம் ஒதுக்கிக்கொள். 1984-ல் இறந்த நடிகர் ஜேம்ஸ் மேசனும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார், சாப்ளின் கல்லிலிருந்து தூரமில்லை.

கல்லறையை முதலில் பார், அருங்காட்சியகத்தைப் பிறகு பார். வரிசையை மாற்றாதே. அவர் வாழ்ந்த அந்த மாளிகையை 2016 ஏப்ரலில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கிராமத்திலிருந்து மேலே கால் மணி நேர நடை, பஸ்ஸில் போனால் நிறுத்தத்தின் பெயரே சாப்ளின். ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் பழைய படங்களின் செட்டுகளை வைத்த ஸ்டுடியோ, நடுநடுவே மெழுகுச் சிலைகள். சிரிக்கவும் படமெடுத்துக்கொள்ளவும் அதுதான் இடம். அந்த உற்சாகத்தோடு கல்லறைக்கு வருகிறவர்கள்தான் அங்கேயும் போஸ் கொடுக்கிறார்கள். டிக்கெட் சுமார் 30 பிராங்க். இரண்டரை மணி நேரமாவது வேண்டும், அதனால் மாலை நாலு மணிக்கு உள்ளே போய் வீணாக்காதே. மெழுகுச் சிலைகளைவிட வீட்டுப் பகுதியில் நேரம் செலவிடு. குடும்பத்தோடு எடுத்த வீட்டுப் படங்களைப் பார்க்காமல் வந்துவிடாதே.

இறங்கி வரும்போது ஏரிக்கரைக்குப் போ. தொப்பியும் பிரம்புமாக நிற்கும் வெண்கலச் சாப்ளின் அங்கேதான் இருக்கிறார். எதிரே தண்ணீருக்குள் எட்டு மீட்டர் உயரத்தில் ஒரு ராட்சத முள்கரண்டி குத்தி நிற்கும். அதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, அது அங்கிருக்கும் உணவு அருங்காட்சியகத்தின் வேலை.

டிசம்பர் 25, நினைவு நாள் ஆயிற்றே என்று அன்றைக்குக் கிளம்பாதே. கிறிஸ்துமஸ் என்பதால் கடைகள் மூடியிருக்கும், பஸ்ஸும் விடுமுறை நேரப்படிதான் ஓடும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மே மாதமோ செப்டம்பரோ பார்த்துக்கொள்.

மறுநாள் நேரமிருந்தால், ஜெனீவா பக்கம் போகும் ரயிலில் மோர்ஜில் இறங்கினால் தொலொஷ்னா கிராமம் பக்கம்தான். நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்காக அங்கேயும் ஒரு பூ வைத்துவிட்டு வா.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா