நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு

பொள்ளாச்சி,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன வாரம் வீடியோவில் இருபது நிமிடம் பேசினோமே, அதில் நீ என்னைப் பார்த்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. பக்கத்தில் இன்னொரு திரையில் ஏதோ வந்துகொண்டே இருந்தது. "சொல்லுங்கப்பா, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. 29 வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எதிரில் வருகிறவனின் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது தொழில் பழக்கம், விடமாட்டேன் என்கிறது. உங்கம்மா, "எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்க" என்றாள். வேண்டாம், தபாலிலேயே வரட்டும். காகிதத்தைப் படிக்கும்போது மேலேயிருந்து வேறு எதுவும் வந்து குதிக்காது.

கழுத்து வலிக்கிறது, ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் பிடிப்பதில்லை என்றாய். ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு மூன்று மாதமாகப் போகவில்லை என்றாய். கையில் கட்டியிருந்த வாட்ச் தினமும் சாயங்காலம் "இன்னும் 6,000 காலடி பாக்கி" என்று கடன்காரன் மாதிரி கேட்பதால் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன் என்றாய். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நானும் அதே வேலையைச் செய்தவன்.

ரிட்டையர் ஆகி இரண்டு வருஷத்தில், 2018-ல், எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது ஞாபகம் இருக்கும். மூன்று மாதச் சராசரி 8.4 என்று வந்தது. ரத்தத்தில் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதனால் டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரிசல்ட் வந்த மறுநாளே புது ஷூ வாங்கினேன். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் மேட்டில் முதல் நாளே ஆறு கிலோமீட்டர். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. ஐந்தாம் நாள் இடது குதிகாலில் கொப்புளம். சர்க்கரைக்காரனுக்குக் காலில் புண் என்றால் டாக்டர் முகம் எப்படி மாறும் என்று அன்றுதான் பார்த்தேன். ஆறு வாரம் நடக்கவே கூடாது என்றார். புண் ஆறியது, ஆனால் நான் நடக்கவில்லை. அந்த ஷூவைப் பார்த்தாலே பரீட்சையில் தோற்ற பையன் மார்க் ஷீட்டைப் பார்ப்பது போல இருந்தது. உங்கம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். உன் டிராயர் வாட்சும் என் கட்டிலடி ஷூவும் பங்காளிகள்தான்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் திட்டவில்லை. "சாப்பிட்டுக் கை கழுவியதும் பத்து நிமிடம் நடங்கள். செருப்பு போட்டுக்கொண்டு, உங்கள் தெருவிலேயே. வேறெதுவும் வேண்டாம்" என்றார். கால் சதை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை, இன்சுலினுக்காக அவ்வளவாகக் காத்திருக்காமல், தானே இழுத்துக்கொள்ளும் என்றார். சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாதாம். இவ்வளவு சின்ன வேலையா என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. சரி என்று வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பினேன். சாப்பாடு மூன்று வேளை என்பதால் நடையும் மூன்று வேளை ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தவில்லை. அந்த மூன்று மாதச் சராசரி இப்போது 7.1-ல் நிற்கிறது. 6.5-க்குக் கொண்டுவா என்கிறார், பார்க்கலாம்.

நம் தெருவில் பிசியோதெரபி படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் உன் வாட்ச் கதையைச் சொன்னேன். நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இந்த வாட்சுகள் கேட்கும் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டாள். ஏதோ பெரிய ஆராய்ச்சி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடிகளை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. அதற்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று அர்த்தம் வரும்படி "மான்போ கெய்" என்று பெயர் வைத்தார்கள். சரக்கு விற்க வைத்த பெயர், அறுபது வருஷம் கழித்து உன்னைச் சாயங்காலமானால் அழவைக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் சுமார் 17,000 வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்ததாம். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே சாவு நன்றாகக் குறைந்திருந்தது, 7,500-க்கு மேல் போனால் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றாள். அவர்களின் சராசரி வயது 72. உனக்கு 34. அதனால் இதை அப்படியே உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. ஆனாலும் அந்த வாட்சைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொன்னாள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்ததாம். 2020-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் மாடிப்படி ஏறினாலும் சேரும். ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் எதையும் தொடங்குவேன் என்கிற ஆள் நீ, சின்ன வயதிலிருந்தே. டேபிளைத் துடைத்து, பென்சிலை எல்லாம் சீவி வைத்து, அப்புறம் தூங்கிப் போவாய்.

அவள் சொன்னதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. "லண்டனில் மகள் இருக்கிறவர்தானே, உங்களுக்கே பொருத்தமான கதை" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். உன் ஊரில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கொஞ்ச காலத்தில் லண்டன் பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே டிப்போ, ஏறக்குறைய ஒரே மாதிரி வீடு, சாப்பாடு. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடி பஸ்ஸில் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. 1953-ல் எழுதி வெளியிட்டார். தபால்காரர்களையும் மேஜைக் குமாஸ்தாக்களையும் பார்த்தபோதும் அதே கதைதான். அப்புறம் யூனிஃபார்ம் கணக்கை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் பேண்ட் இடுப்புச் சுற்றளவு பெரிதாக இருந்ததாம். குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ என்ற சந்தேகமும் அதிலிருந்து வந்தது, அதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்த மனிதர் 2009-ல் இறந்தபோது வயது 99.

இதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தேன். 29 வருஷம் இன்ஜின் சூடு இடது காலில் அடிக்க உட்கார்ந்தே இருந்தவன் நான். நம் ஊர் டவுன் பஸ் கண்டக்டர் பின் சீட்டை விட்டு எழுவதே இல்லை, காசும் டிக்கெட்டும் பயணிகள் கைமாறித்தான் வரும் என்பது வேறு விஷயம். என்னோடு பதினோரு வருஷம் டூட்டி பார்த்த கண்டக்டர் மாமா அப்படி இல்லை, பஸ்ஸுக்குள் நடந்துகொண்டே இருப்பார். 72 வயதில் இன்றும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறார்.

அவர் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை உங்கம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

2003-ல் உன் சித்தப்பாவோடு பாகப் பிரிவினைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். வால்பாறையிலிருந்து மத்தியான ட்ரிப் இறங்குகிறேன். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு, கீழிருந்து நம்பர் போட்டிருக்கும், நீயும் எண்ணியிருக்கிறாய். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ரோட்டின் பால பாடம். கியர் சரியாகத்தான் இருந்தது, நான்தான் இல்லை. மனதுக்குள் உன் சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அவன் என்ன சொல்வான், என்று ஒரு நாடகமே ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. 22-ஆவது வளைவில் திரும்பினால், கண்ணெதிரே ஏறி வரும் எஸ்டேட் ஜீப். ஹாரன் அடித்திருப்பான், என் காதில் விழவில்லை. பிரேக்கை மிதித்து பஸ் நின்றபோது ஜீப்புக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். ஜீப்பில் பின்னால் தேயிலை பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்தி, மடியில் தூக்குப் போசியை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்றைக்கும் வரும்.

கண்டக்டர் மாமா முன்னால் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "இனி ஒவ்வொரு போர்டு வரும்போதும் நம்பரை வாய் விட்டுச் சொல்லுங்க. எனக்குக் கேக்கோணும்" என்றார். சொன்னேன். இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. மறுநாளிலிருந்து மேலேயே ஆரம்பித்துவிடுவேன்: நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. முன் சீட்டுக் கிழவி ஒருத்தி, டிரைவர் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று கும்பிட்டதும் உண்டு. சித்தப்பா நினைப்பு வராமல் இருந்ததா? வரும். நாலு வளைவுக்கு ஒரு தடவை வந்து நிற்பான். அதற்குள் அடுத்த போர்டு வந்துவிடும், நம்பரைச் சொல்ல வேண்டும், அவன் போய்விடுவான். ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்பதையே அந்த வாரம்தான் சரியாகப் பார்த்தேன். அத்தனை வருஷமும் அங்கேதான் நின்றிருக்கும்.

சமீபத்தில் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி வாய் விட்டுச் சொல்கிறார்கள், தனியாக இருந்தாலும். அவர்கள் ரயில்வேயில் அது ரொம்ப காலப் பழக்கமாம். கண்டக்டர் மாமாவுக்குக் காட்டினேன். "அப்பவே நான் சொன்னேனல்லோ" என்றார்.

தூக்கம் வராத ராத்திரிக்கும் அதையே வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொள். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் துடிக்கும், உன் வயதில் நன்றாகவே தெரியும். விடுகிற மூச்சை இழுக்கிற மூச்சைவிட நீளமாக்கு. நாற்பதிலிருந்து மூச்சுக்கு ஒன்றாக எண்ணி இறங்கு. ஆபீஸ் நினைப்பு வந்தால் வரட்டும், விட்ட நம்பரிலிருந்து தொடர்ந்தால் போதும். நான் பெரும்பாலும் ஒன்பதைத் தாண்டுவதில்லை. சில நாள் ஒன்று வரைக்கும் போய்த் திரும்ப மேலே ஏறியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. போன மாதம் டி.வி. பார்த்தபடி இட்லி சாப்பிட்டேன். "எத்தனை சாப்பிட்டீங்க?" என்று உங்கம்மா கேட்டாள். நாலா, ஆறா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விடுகிறேன். தென்னை மரத்தில் அணில் ஓடுகிறது. அரிசியும் பருப்பும் சோற்றில் அவள் சீரகம் தட்டிப் போடுகிறாள் என்பதைக் கல்யாணமாகி 38 வருஷம் கழித்துக் கண்டுபிடித்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

கையில் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று உங்கம்மாவிடம் தனியாகச் சொன்னாயாமே. அதை மட்டும் அங்கே டாக்டரிடம் காட்டிவிடு. மூச்சும் நடையும் அதற்குப் பதில் ஆகாது.

மற்றபடி ஜிம்முக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். டீக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை போனை எடுக்காமல் ஜன்னல் ஓரம் நில். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. பஸ்ஸில் போனால் கீழே இடம் இருந்தாலும் மாடிக்கு ஏறிப் போ. உன் ஊர் பஸ்ஸில் இப்போது கண்டக்டரே கிடையாதாமே, அந்தப் படிகளை யாராவது ஏற வேண்டாமா? மேலே முன் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து, அவ்வளவு உயர வண்டியை அந்தச் சந்துத் திருப்பத்தில் டிரைவர் எப்படி எடுக்கிறார் என்று எனக்குப் பார்த்துச் சொல். போட்டோ அனுப்ப வேண்டாம்.

இன்னொரு ஏற்பாடு. இனி ஞாயிற்றுக்கிழமை வீடியோ வேண்டாம், வெறும் போன் போதும். குளிர்காலக் கணக்குப்படி உனக்கு மதியம் பன்னிரண்டு என்றால் எனக்குச் சாயங்காலம் ஐந்தரை. உன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் நடந்துகொண்டே நீ பேசு, வாய்க்கால் மேட்டில் நடந்துகொண்டே நான் பேசுகிறேன். உங்கம்மாவும் வருகிறாளாம், புதுச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறாள். மழையாக இருந்தால் குடையை எடுத்துக்கொள். இங்கே இந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் சத்தம் உனக்குக் கேட்கும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஷூவைக் கட்டிலடியிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றில் பல்லி முட்டை இருந்தது.