ஸ்காபரோப் பெடியன்களின் குழு கலையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில் வந்த கனடிய இசை பற்றிய கட்டுரையில் பெயார்நேக்கட் லேடீஸ் (‘நிர்வாணப் பெண்கள்’ என்று அர்த்தம்) என்ற பாட்டுக் குழுவுக்கு ஒரு பந்தி ஒதுக்கியிருந்தீர்கள். ஒரே ஒரு பாட்டால் உச்சிக்குப் போனார்கள், பாடகர் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டார், 2009இல் குழு கலைந்தது, அவ்வளவுதான். கட்டுரையில் மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தப் பந்தி என்னை இரண்டு நாள் சும்மா இருக்கவிடவில்லை. அது ஸ்காபரோக் குழு. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் நாங்கள் இருக்கிற இதே ஸ்காபரோ. குழுவைத் தொடங்கிய பாடகர்கள் எட் றொபேர்ட்சனும் ஸ்டீவன் பேஜும் படித்தது எல்ஸ்மியர் வீதியில், மார்க்கம் வீதிக்குக் கிட்ட இருக்கிற வோபர்ன் கொலிஜியற்றில். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்! என் மகளும் அங்கேதான் படித்தாள். பக்கத்துத் தெருப் பெடியன்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது கொஞ்சம் கூடுதலாக விசாரித்து எழுதியிருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை.

நான் 1990இல் இங்கே வந்தேன். முதல் இரண்டு வருடமும் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். இரவில் மனேஜர் வீட்டுக்குப் போனதும், கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன் றேடியோவை நிறுத்திவிட்டுத் தன்னுடைய கசற் ஒன்றைப் போடுவான். இந்தக் குழுவினுடைய மஞ்சள் மட்டை போட்ட கசற், மொத்தமே ஐந்து பாட்டு. வேகமாக ஆங்கிலம் கதைத்தால் எனக்கு அப்போது பிடிபடாது, ஆனாலும் அதில் ஒரு பாட்டு இரண்டாம் தரம் கேட்கும்போதே விளங்கிவிட்டது. பத்து லட்சம் டொலர் கையில் இருந்தால் உனக்கு என்னென்ன வாங்கித் தருவேன் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே போவான், வீடு, தளபாடம், கார் என்று. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கதைப்பார்கள். அவ்வளவு பணம் வந்தால் பெட்டியில் வருகிற கிராஃப்ட் டின்னர் மக்கரோனியைச் சாப்பிடத் தேவையில்லை, ஆனாலும் சாப்பிடுவோம், இன்னும் கூடவே சாப்பிடுவோம் என்று. ஒரு அறையில் ஐந்து பேராக இருந்த நாங்கள் கிழமையில் மூன்று நாள் சாப்பிட்டது அந்தப் பெட்டி மக்கரோனியைத்தான். இந்த நாட்டில் பிறந்தவர்களும் காசு இல்லாமல் அதைச் சாப்பிட்டு, அதை வைத்துப் பாட்டும் கட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. றொபேர்ட்சன் ஒரு வரியைப் பாடுவார், பேஜ் பக்கத்தில் நின்று அதற்குப் பதில் சொல்வார், வெட்டுவார், நீட்டுவார், பகிடி விடுவார். ஊரில் கோயில் திருவிழாக்களில் சின்னமணியின் வில்லிசை கேட்டு வளர்ந்தவனுக்கு இது தெரிந்த விஷயம்தானே. கதை சொல்பவருக்குப் பக்கத்தில் இருந்து ஆமாம் போடவும் மறித்துக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லாவிட்டால் கதை நடக்காது. இந்தக் குழு எழுந்ததும் இறங்கியதும் அந்த இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை ஒட்டித்தான் என்று நான் நினைக்கிறேன், உங்கள் கட்டுரையாளர் அதைத்தான் தவறவிட்டுவிட்டார்.

தொடக்கத்தைப் பாருங்கள். 1988 ஒக்ரோபர் 1ஆம் திகதி, ரொறன்ரோ நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், செக்கண்ட் ஹார்வெஸ்ட் என்ற உணவு நிவாரண அமைப்புக்குக் காசு சேர்க்க ஒரு நிகழ்ச்சி. றொபேர்ட்சனின் பழைய குழு அதில் வாசிப்பதாக இருந்தது, அதற்குள் அந்தக் குழு உடைந்துபோனது. வருகிறோம் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பேஜைக் கூட்டிக்கொண்டு போய், சரியான ஒத்திகைகூட இல்லாமல் மேடையேறியதுதான் முதல் கச்சேரி. அப்புறம் ஜிம், அன்டி என்ற கிறீகன் சகோதரர்களும் மேளம் வாசிக்க டைலர் ஸ்டுவர்ட்டும் சேர்ந்தார்கள். ஒரு டொலர் போட்டால் யாரும் எதையும் கமராவுக்குச் சொல்லலாம் என்று சிற்றி ரிவி தொலைக்காட்சி குயீன் வீதியில் ஒரு பெட்டி வைத்திருந்தது, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவர்கள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து பாடிய பாட்டு தொலைக்காட்சியில் வந்து ஊருக்கே முகம் தெரிந்துவிட்டது. ஒரு டொலர்ச் செலவில் கிடைத்த விளம்பரம்!

1991 வருடக் கடைசியில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. புதுவருட இரவுக்கு அதே நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் பாட இவர்களை ஒழுங்குசெய்திருந்தார்கள். குழுவின் பெயர் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று நகரசபைப் பக்கத்திலிருந்து அதை நிறுத்தினார்கள். பெயர் கொஞ்சம் விரசமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடுகிறவர்கள் ஐந்து சாதுவான பெடியன்கள், பாட்டில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் பசித்தவர்களுக்காக ஓசியில் பாடிய அதே இடத்தில் பாடக்கூடாது என்றார்கள். பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதித் தள்ளின, மஞ்சள் கசற் கடைகளில் பறந்தது. பெரிய கம்பனி எதுவும் பின்னால் இல்லாமல் ஒரு இலட்சம் பிரதி தாண்டி, கனடாவில் பிளாட்டினம் கண்ட முதல் சுயாதீன வெளியீடு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. அடுத்த வருடம், 1992இல், வந்த ‘கோர்டன்’ அல்பம் பத்து இலட்சம் பிரதியைத் தாண்டியது. பத்து இலட்சம் டொலர் இருந்தால் என்று கனவு கண்டு பாடியவர்களின் பாட்டை இந்த நாட்டில் பத்து இலட்சம் வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். 1993இல் கனடிய இசைக்கான ஜூனோ விருதும் வந்தது.

ஆகவே ஒரே ஒரு பாட்டால் வந்தவர்கள் என்பது அமெரிக்காவில் இருந்துகொண்டு சொல்கிற கதை. கனடாவில் இருந்துகொண்டு நாங்கள் அதைச் சொல்லக்கூடாது. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இவர்களைத் தெரியவந்ததே 1998இல்தான்.

இடையில் ஒருமுறை இறங்கிப்போனார்கள், அதை யாரும் பேசுவதில்லை. 1994இல் வந்த இரண்டாவது அல்பம் முதலாவதுக்குக் கிட்டவும் போகவில்லை, அடுத்த வருடம் அன்டி கிறீகன் படிக்கப் போகிறேன் என்று விலகினார், அவருடைய இடத்துக்குக் கெவின் ஹேர்ன் வந்தார். பகிடிப் பெடியன்கள், ஒருமுறை சிரித்தாயிற்று, இனிப் போதும் என்று இங்கே பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நேரம் அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் றொபேர்ட்சனும் பேஜும் அந்தந்த ஊரைப் பற்றி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள், இன்றைக்குக் கேட்டது நாளைக்கு வராது. ஒரு தரம் வந்த ஆள் அடுத்த தரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1996இல் மேடைக் கச்சேரியைப் பதிவுசெய்து விட்ட அல்பம்தான் அங்கே கதவைத் திறந்தது.

1998 ஜனவரி 1ஆம் திகதியோடு ஸ்காபரோ தனி நகரமாக இருந்தது முடிந்து ரொறன்ரோவுடன் சேர்க்கப்பட்டது. அதே வருடம் ஒக்ரோபரில் ஸ்காபரோப் பெடியன்களின் ‘வன் வீக்’ (ஒரு கிழமை) என்ற பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்தது. பெயரில் ஒரு கிழமை, முதலிடத்தில் இருந்ததும் சரியாக ஒரு கிழமை. அந்தப் பாட்டு இருக்கிற அல்பம் அமெரிக்காவில் மட்டும் நாற்பது இலட்சத்துக்கு மேல் போனது. ஆனால் அந்த வெற்றியை ஐந்து பேரும் சேர்ந்து கொண்டாட முடியவில்லை. கெவின் ஹேர்னுக்கு இரத்தப் புற்றுநோய் என்று அந்த நாட்களில்தான் தெரியவந்தது. அவருடைய சகோதரர் எலும்பு மச்சை கொடுத்தார். மற்றவர்கள் அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக ஆள் வைத்துக்கொண்டு மேடையேறினார்கள், அவர் பிழைத்துத் திரும்பி வந்து இன்றுவரை வாசிக்கிறார். இதெல்லாம் உங்கள் பந்தியில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா?

இறக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், கைதுக்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது. ‘வன் வீக்’ மூச்சு விடாமல் பேசுகிற மாதிரிப் போகிற பாட்டு. அது ஓடியதும் றேடியோக்காரர்களுக்கு அதே மாதிரி இன்னொன்றுதான் வேண்டியிருந்தது, பேஜ் நிதானமாக, நெஞ்சு கனக்கப் பாடுகிற பாட்டுகளுக்கு இடம் கொடுக்கவில்லை. 2000இல் வந்த ‘மரூன்’ அல்பம் பரவாயில்லாமல் போனது, 2003இல் வந்தது அவ்வளவு போகவில்லை. இணையத்தில் பாட்டைச் சும்மா இறக்கிக் கேட்கிற காலம் 1999இலேயே தொடங்கிவிட்டது, சிடி வாங்குகிற சனம் வருடா வருடம் குறைந்தது, எந்தக் குழுவுக்கும் அதே கதைதான். பெரிய கம்பனியை விட்டு வெளியே வந்து சொந்தமாக வெளியிட்டார்கள், கையடக்க மெமரி குச்சியில் போட்டுக்கூட விற்றுப் பார்த்தார்கள். உழைப்பில் குறை வைக்கவில்லை. மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு கச்சேரிக்குப் போனேன், கிராஃப்ட் டின்னர் என்ற சொல் வருகிற இடத்தில் சனம் பெட்டி பெட்டியாக மேடைக்கு எறியும் என்று கேள்விப்பட்டிருந்த அவள் பெட்டியோடு வரட்டுமா என்று கேட்டாள். எறியாமல் உணவு வங்கிக்குக் கொடுங்கள் என்று குழுவே கேட்டுக்கொண்டதைச் சொல்லி மறித்தேன். முதல் கச்சேரி எதற்காக நடந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2008 அவர்களுக்குப் பொல்லாத வருடம். மே மாதம் சிறுவர்களுக்கான ஒரு அல்பம் வந்தது, ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் பேஜ் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதுசெய்யப்பட்டார், ஓகஸ்டில் றொபேர்ட்சன் ஓட்டிய சின்ன விமானம் ஒன்ராறியோவில் பான்குரொவ்ற் பக்கம் விழுந்து தெய்வாதீனமாக உயிர் தப்பினார். பேஜ் மேலிருந்த வழக்குப் பின்னர் தள்ளுபடியானது, உங்கள் கட்டுரையாளர் கைதை எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டது நியாயமே இல்லை. 2009 பெப்ரவரியில் பேஜ் விலகினார், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிவதாகத்தான் அறிவித்தார்கள். இருபது வருடம் தோளோடு தோள் நின்று பாடியவர்கள் ஒரு இரவால் பிரிவார்களா? கலியாணம் முறிவதுபோலத்தான், நாங்கள் கடைசிச் சண்டையை மட்டும்தான் பார்க்கிறோம்.

மற்ற நாலு பேரும் நிறுத்தவில்லை. 2010இல் பேஜ் இல்லாத முதல் அல்பம் வந்தது, அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கின்றன, 2023இலும் ஒன்று. ‘தி பிக் பாங் தியரி’ தொடரின் முகப்புப் பாட்டு இவர்களுடையது, 2007 முதல் 2019 வரை உலகம் முழுக்க அந்தக் குரல் வீட்டுக்கு வீடு கேட்டது, பாடுவது யார் என்று பலருக்குத் தெரியாமலே. கலைந்த குழு என்று இவர்களை எப்படிச் சொல்வது? ஆனால் குறைந்தது உண்மை. பேஜ் போன பிறகு ஒரு கோடைக் கச்சேரிக்கும் போனேன். பத்து இலட்சம் டொலர்ப் பாட்டு வந்தது, பேஜின் பங்கை மற்றவர்கள் பகிர்ந்து பாடினார்கள், பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதில் வரவேண்டிய இடங்களில் என்னைச் சுற்றி நின்ற சனம் தாங்களே சத்தமாகப் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேஜின் குரலை அப்புறம் நாங்கள் எல்லோரும் ஒருமுறை கேட்டிருக்கிறோம். 2011 ஓகஸ்டில் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேட்டனின் இறுதிச்சடங்கில் ரோய் தொம்சன் மண்டபத்தில் பாடியவர் அவர்தான். எங்கள் தமிழ்ப் பெண் ராதிகா சிற்சபைஈசன் அந்த மே மாதம்தான் நாடாளுமன்றத் தேர்தலில் லேட்டனின் கட்சியில் ஸ்காபரோவில் வென்றிருந்தார், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். அன்றைக்கு அழுத எத்தனை பேருக்குப் பாடியவர் வோபர்னில் படித்த பெடியன் என்று தெரிந்திருக்கும்?

2018 மார்ச்சில் வன்கூவரில் ஜூனோ விழாவில் குழுவைக் கனடிய இசைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது பேஜும் வந்து மற்றவர்களோடு மேடையில் நின்றார், அந்த மஞ்சள் கசற் பாட்டையும் பாடினார்கள். மகளும் நானும் ஒன்றாக இருந்து பார்த்தோம். றொபேர்ட்சன் வரியைத் தொடங்க, பேஜ் ஒன்பது வருடம் இடையில் போகாததுபோலப் பதில் சொன்னார்.

ஆகவே தயவுசெய்து மூன்று திருத்தம் போடுங்கள். 1998க்கு முன்பே இந்த நாட்டில் இவர்கள் உச்சியில் இருந்தவர்கள். வழக்குத் தள்ளுபடியானது. குழு கலையவில்லை. இடம் இருந்தால் ஸ்காபரோக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் நீண்டகால வாசகன்