மிச்ச இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து நன்றி

கடந்த மாசியில் வயலில் வைத்து மாரடைப்பு வந்தவன் நான். இப்போது இதயக் குழாய்களில் அடைப்பைத் திறந்து வைக்கும் மூன்று ஸ்டென்ட்களோடு (சின்னக் கம்பிவலைகள்) வீட்டு முற்றத்தில் இருந்து எழுதுகிறேன். சிலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். பலரின் பெயரே தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

பரந்தனுக்குக் கிழக்கே எங்கள் வயல். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரம்பில் நின்ற எனக்கு நெஞ்சில் நெல்லு மூடையை ஏற்றி வைத்ததுபோல் பாரம், இடது தாடைவரை நோ, உடம்பெல்லாம் குளிர்வியர்வை. மூன்று நாளுக்கு முன்னரும் லேசாக வந்ததுதான். ஒரு தனியார் மருந்தகத்தில் 'காஸ்' என்று குளிசை தந்தார்கள், எனக்கும் அதை நம்பத்தான் விருப்பம். அன்றும் சோடாதான் கேட்டேன். பக்கத்து வயல் தம்பி, "சோடா பிறகு குடிக்கலாம் அண்ணை, ஏறுங்கோ" என்று லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தினான். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்ததும் அவன்தான். ஏ9 வீதிக்கு வந்தபோது அம்புலன்ஸ் நின்றது. வடக்குக்கு 2018இல் வந்த சேவை அது. ஐந்து சதம் வாங்குவதில்லை.

கிளிநொச்சி வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்க வந்த தாதி மிஸ்ஸியை மறக்கமாட்டேன். என் நெஞ்சில் சேறும் நெல்லுச் சுணையும் வியர்வையில் குழைந்து கிடந்தன. ஒட்டவேண்டியது ஒன்றும் ஒட்டவில்லை. அவர் முகம் சுளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக ஒட்டினார். அஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள், அப்புறம் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி.

மறுநாள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் (சாயமருந்து விட்டு இதயக் குழாய்களைப் படம் பிடிப்பது) செய்து பார்த்தால், ஒன்றில்லை, மூன்று குழாய்களிலும் அடைப்பு. மாரடைப்புக்குக் காரணமான குழாய்க்கு மட்டும் அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றையும் ஒரே தடவையில் செய்தால் நேரம் நீளும், உள்ளே விடும் சாயமருந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்றார் வைத்தியர். பைபாஸ் சத்திரசிகிச்சை பற்றியும் பேசினார்கள். நீரிழிவு இருந்து இப்படிப் பல அடைப்பும் இருந்தால் பெரும்பாலும் அதுதான் நல்லதாம். எனக்கு நீரிழிவு இல்லை, ஸ்டென்டே போதும் என்று முடிவாயிற்று.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் வைத்தியர் வாய்க்கால் மாதிரிக் கீறி விளக்கினார். கமக்காரனுக்கு ஏற்ற உதாரணம்தான், ஆனால் முழுக்கச் சரியில்லை. வாய்க்காலில் மண்ணை அள்ளி வெளியே போடுவோம். இங்கே ஒன்றையும் அள்ளுவதில்லை. பலூனால் கொழுப்பைச் சுவரோடு நெரித்து, கம்பிவலையை முட்டுக்கொடுத்து விடுகிறார்கள். இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் நோ இல்லை, நன்றாக நடந்தேன். சிறுபோகக் கூட்டம் நெருங்கியது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று முடிவாகும் நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க எனக்கென்ன விசரா? மிச்ச இரண்டும் பிறகு பார்க்கலாம் என்றேன். வார்ட் மிஸ்ஸி இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்தார். இரண்டாம் தரம் வைத்தியரே பேசினார். 2019இல் வெளியான, 4041 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வைச் சொன்னார். மாரடைப்புக்குப் பின் மற்ற அடைப்புகளையும் 45 நாளுக்குள் சரிசெய்தவர்களில், சுமார் மூன்று வருடத்தில், இதயநோயால் இறந்தவர்களும் மறுபடி மாரடைப்பு வந்தவர்களுமாக 100க்கு 7.8 பேர். அப்படியே விட்டவர்களில் 10.5 பேர். "வித்தியாசம் சின்னதுதான். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப்போறியள்?" என்றார். வாயடைத்துப் போனேன். மனைவி அன்றிரவே பையைக் கட்டிவிட்டாள். கூட்டத்துக்கு எனக்குப் பதிலாக மச்சான் போனார். தண்ணீரும் கிடைத்தது.

ஐந்தாம் கிழமையில் மிச்ச இரண்டுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஒரு நாளும் தவறவிடக்கூடாது. அந்தக் காவலை மகள் எடுத்துக்கொண்டாள், பொலிஸ் தோற்றுவிடும். வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மூன்று நாளும் எங்களுக்கும் சேர்த்து இடியப்பம் கொண்டுவந்தார். அம்மா, உங்கள் சொதியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

கடைசியாக லாண்ட்மாஸ்டர் தம்பிக்கு. டீசல் காசு தர வந்தபோது கையைத் தட்டிவிட்டுப் போனாய். சரி, காசு வேண்டாம். அன்று நீ பாதியில் விட்டுவந்த உன் வயலையும் எங்கள் ஆட்கள்தான் அறுத்தார்கள், அது கணக்கில் இல்லை. திண்ணையில் ஒரு மூடை ஆட்டக்காரி நெல்லு உனக்கென்று கட்டி வைத்திருக்கிறேன். தூக்கித்தர எனக்கு இன்னும் அனுமதி இல்லை, நீயே வந்து ஏற்று.